பேர் மாத்தணுமா? பத்து வருஷம் பொறுங்க!

‘டூப்ளிகேட் ஃபைல் நேம் ஆர் ஃபைல் நாட் ஃபவுண்ட்.’

கம்ப்யூட்டர்கள் மனித குலத்துக்குச் சொன்ன வாக்கியங்களிலேயே ஆகச் சிறந்த மழுப்பல் இதுதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். எம்எஸ்-டாஸ் காலத்தில் ஒரு ஃபைலுக்குப் பெயர் மாற்றப் போய் ஏதாவது பிசகினால், இந்த ஒரு வரி வந்து நிற்கும். நம் பாஷையில் சொன்னால்: ‘நீ வைக்க நினைக்கிற பேரில் ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். இல்லாட்டி, நீ பேர் மாத்த நினைக்கிற ஆளே இங்கே இல்லை.’ ஆக, பிரச்னை என்ன? ஒருத்தன் இருக்கான், அல்லது இல்லை! கடவுளைப் பற்றிக் கேட்டால்கூட இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் சாமியார்கள் உண்டு.

சரி, இதை எழுதியவர்கள் மக்குகளா என்றால், அதுதான் இல்லை. எல்லாரும் மகா மேதைகள். பிஎச்.டி. முடித்தவர்கள், விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள், பிற்பாடு உலகப் பணக்காரர் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்கள். இத்தனை மூளைகளும் சேர்ந்து ஒரு ஃபைலின் பெயரை ஒழுங்காக மாற்ற முடியாமல் திணறிய கதை இருக்கிறதே... ராஜராஜ சோழன் போர் வரலாற்றைவிட நீளம். ரத்தம் மட்டும் கம்மி.

கேரி கில்டாலில் ஆரம்பிப்போம். கலிஃபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில் கடற்படைக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார். 1974-ல் சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கினார். பிறகு அதை விற்க ஒரு கம்பெனி. கம்பெனிக்கு முதலில் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச்’. அமெரிக்கா போதாது, பூமி போதாது, நட்சத்திர மண்டலங்கள் அத்தனைக்கும் சேர்த்து சாஃப்ட்வேர் சப்ளை! அப்படிப்பட்ட பெருமனசுக்காரர் ஒரு ஃபைலின் பெயருக்கு ஒதுக்கிய இடம் 8 எழுத்து. அப்புறம் ஒரு புள்ளி. அப்புறம் 3 எழுத்து. ‘இன்டர்கேலக்டிக்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் 13 எழுத்து. சொந்தக் கம்பெனியின் பெயரையே சொந்த சிஸ்டத்தில் சேமிக்க முடியாத ஒரே சக்கரவர்த்தி அவராகத்தான் இருக்க வேண்டும்.

கஞ்சத்தனம் என்று சட்டென்று திட்டிவிடாதீர்கள். அன்றைக்கு ஃப்ளாப்பி என்பது சாப்பாட்டுத் தட்டு சைஸில், 8 அங்குல அகலத்தில் இருக்கும். அதில் கொள்வது சுமார் 250 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் ரோஜாப்பூ அதில் ஏறாது. ஒவ்வொரு ஃபைலைப் பற்றிய குறிப்புக்கும் 32 பைட்தான். அதில் 11 பைட்டைப் பெயருக்குத் தூக்கிக் கொடுத்ததே கர்ண தானம்தான்.

ஆனால் பெயர் மாற்றும் கமாண்டில் வாத்தியார் தன் புத்தியைக் காட்டிவிட்டார். ‘ரென்’ என்று அடித்து, புதிய பெயரை முதலில் போட்டு, ஒரு சமக்குறி இட்டு, பழைய பெயரைப் பின்னால் போட வேண்டும். உலகத்தில் எல்லோரும் ‘சுப்பனைக் குப்பன் ஆக்கு’ என்பார்கள். இவர் ‘குப்பன் சமம் சுப்பன்’ என்பார். புரோகிராம் எழுதுகிறவனுக்கு அது தாய்மொழி. மற்றவர்களுக்கு? வந்தது எர்ரர்; போனது அந்த ராத்திரித் தூக்கம்.

அடுத்து வருகிறார் டிம் பேட்டர்சன். 1980. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் வேலை. புது 8086 சிப்பை வைத்து ஒரு போர்டு செய்துவிட்டார்கள். அதில் ஓட ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை. கில்டாலோ இதோ தருகிறேன், அதோ தருகிறேன் என்கிறார். கல்யாண மண்டபம் பிடித்தாயிற்று, மாப்பிள்ளையைக் காணோம் என்றால் என்ன செய்வது? பேட்டர்சன் தானே உட்கார்ந்து ஒன்றை எழுதினார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் க்யூ-டாஸ். விரித்துச் சொன்னால் ‘குயிக் அண்ட் டர்ட்டி’. அதாவது, அவசர அடி, அழகு பார்க்காதீர்கள். சிபி/எம்முக்கு எழுதிய புரோகிராம்களை அதிகம் சிரமப்படாமல் இதற்கு மாற்ற முடியவேண்டும் என்பதற்காக, அந்த 8 பிளஸ் 3-ஐ அப்படியே வைத்துக்கொண்டார். நல்ல காரியமாக ரென் கமாண்டில் மட்டும் பழைய பெயரை முன்னுக்குக் கொண்டுவந்தார்.

1981 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதை 50,000 டாலர் கொடுத்து முழுசாக வாங்கியது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 12-ம் தேதி, ஐபிஎம் பிசி வெளியானது. (ஐபிஎம்காரர்கள் முதலில் கில்டால் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள், அவர் விமானம் ஓட்டப் போயிருந்தார் என்று ஒரு பெரிய புராணம் உண்டு. அதற்குள் நுழைந்தால் திரும்ப வழி கிடையாது, வாருங்கள், போகலாம்.) அவசரத்துக்கு எழுதிய அந்த அழுக்கு சிஸ்டம் பெயரைக் குளிப்பாட்டிக்கொண்டு எம்எஸ்-டாஸ் ஆயிற்று. உடம்பு அப்படியேதான் இருந்தது.

இங்கே ஒரு ரகசியம். டாஸில் ஒரு ஃபைலை டெலிட் செய்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் பெரிதாக ஆகாது. அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றிவிடுவார்கள்! ஈ5 என்ற ஒரு குறியீடு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால், அந்த ஃபைல் செத்தது என்று அர்த்தம். இடம் காலி என்று கணக்கு. உள்ளே இருக்கும் சரக்கு அப்படியேதான் கிடக்கும். அந்தக் கால 8 அங்குல ஃப்ளாப்பிகள் ஃபார்மேட் ஆகி வரும்போதே முழுக்க ஈ5 நிரம்பி வந்ததால், அதையே ‘இங்கே யாரும் இல்லை’ என்று வைத்துக்கொண்டது சிபி/எம். டாஸ் அதையும் சொத்தோடு சொத்தாக வாங்கிக்கொண்டது. கொலை என்று நாம் நடுங்கியதெல்லாம் வெறும் ரீநேம்.

பீட்டர் நார்டன் இந்த ஓட்டையில் ஒரு சாம்ராஜ்யமே கட்டினார். ஒரு ஃபைலைத் தவறுதலாக அழித்துவிட்டு, அதை மீட்க அவர் எழுதிய புரோகிராம்தான் நார்டன் யுட்டிலிட்டீஸின் விதை என்பது கதை. செத்தவனுக்கு மறுபடி முதல் எழுத்தைப் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அவ்வளவுதான் சஞ்சீவி மூலிகை. 1991-ல் டாஸ் 5.0-வுடன் மைக்ரோசாஃப்டும் ‘அன்டெலிட்’ என்று ஒன்றைக் கொடுத்தது. ஒவ்வொரு பிணமாக எழுப்பி, உங்களைப் பார்த்து மிகுந்த பணிவோடு கேட்கும்: ‘இவர் பெயரின் முதல் எழுத்து என்ன?’ அதை அழித்தவன் நீதானே, என்னைக் கேட்கிறாயே என்று திருப்பிக் கேட்க அதில் பட்டன் கிடையாது.

ஜப்பான்காரர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுடைய எழுத்துக் குறியீட்டில் சில கான்ஜி எழுத்துகளின் முதல் பைட்டே ஈ5. அப்படி ஒரு பெயரை ஆசையாக வைத்தால், ஃபைல் பிறக்கும்போதே சவமாகப் பிறக்கும். கடைசியில், அந்த இடத்தில் மட்டும் ஈ5-க்குப் பதில் 05 என்று பொய்யாக எழுதிவைத்து, படிக்கும்போது மறுபடி ஈ5 என்று மாற்றிப் படிப்பது என்று ஏற்பாடு. உயிரோடு இருப்பதற்காகப் பொய்ச் சான்றிதழ் வாங்கிய ஃபைல்கள் இவை.

இப்போது நம் கதையின் உச்சகட்டத்துக்கு வருவோம். டாஸ் 1-ல் டைரக்டரி என்பதே கிடையாது. எல்லா ஃபைலும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான். ஐபிஎம் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் பிசி எக்ஸ்டி-யைக் கொண்டுவந்தபோது, அத்தனை பேரையும் ஒரே கூடத்தில் படுக்கவைக்க முடியாது என்று புரிந்தது. 1983 மார்ச்சில் டாஸ் 2.0 வந்தது. டைரக்டரிகள் வந்தன. அறைகள் கட்டியாயிற்று. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ஒரு ஃபைலை நகர்த்த வேண்டுமே, அதற்குக் கமாண்ட்? இல்லை. அறையின் பெயரையே மாற்ற வேண்டுமென்றால்? அதுவும் இல்லை!

ரென் கமாண்டுக்கு இரண்டாவதாகக் கொடுக்கும் பெயரில் டைரக்டரி பாதையைச் சேர்த்தால் முறைக்கும். டைரக்டரியின் பெயரையே கொடுத்தால், ஆரம்பத்தில் சொன்னேனே அந்த ‘இருக்கு அல்லது இல்லை’ தத்துவத்தைத் திரும்ப ஓதும். ஆகவே உலகம் முழுக்க ஆபீஸ்களில் என்ன செய்தார்கள் என்றால், புதிய பெயரில் இன்னொரு டைரக்டரி திறப்பார்கள். பழையதில் இருக்கும் எல்லாவற்றையும் அதற்குக் காப்பி செய்வார்கள். டிஸ்க்கில் இடம் இருந்தால், அதாவது. பிறகு பழையதில் போய் எல்லாவற்றையும் அழிப்பார்கள். ‘ஆர் யூ ஷ்யூர்?’ என்று கேட்கும். கையில் ஒரு நடுக்கத்தோடு ஒய். பிறகு காலி டைரக்டரியை இடிப்பார்கள். ‘கணக்கு’ என்ற பெயரைக் ‘கணக்கு84’ என்று மாற்றுவதற்கு இத்தனை சடங்கு. அது முடியும்போது பல ஆபீஸ்களில் வருஷம் 85 ஆகியிருக்கலாம்.

இதில் வேடிக்கை எங்கே இருக்கிறது என்றால், டாஸுக்கு இந்த வேலை தெரியாது என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தெரியும்! டாஸின் அடிவயிற்றில், புரோகிராம் எழுதுகிறவர்கள் மட்டும் கூப்பிடக்கூடிய சேவைகள் என்று ஒரு வரிசை உண்டு. அதில் 56 என்ற எண் போட்ட சேவை, டாஸ் 2.0-விலிருந்தே, ஒரே டிஸ்க்குக்குள் ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைலை ஒரு நொடியில் மாற்றிவிடும். காப்பியும் வேண்டாம், டெலிட்டும் வேண்டாம். டாஸ் 3.0-விலிருந்து டைரக்டரியின் பெயரையும் மாற்றும். சமையல்காரருக்கு எல்லாம் தெரியும். சர்வர்தான் ஆர்டர் எடுக்க மறுத்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் நார்டன் கம்பெனியும் இன்னும் பலரும் விற்ற யுட்டிலிட்டிகள் அவ்வளவு பிரமாதமாக வேலை செய்தன. டைரக்டரி பெயரை மாற்றும் வசதி என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்யலாம். உள்ளே போய் டாஸின் சொந்தச் சேவையையே ஓசைப்படாமல் கூப்பிடலாம். நார்டன் தன் புத்தகங்களின் அட்டையில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? அந்தப் பார்வைக்கு அர்த்தம் இப்போது புரிகிறது. உங்கள் வீட்டுப் பீரோவில் இருந்ததை எடுத்து உங்களுக்கே விற்றவரின் பார்வை அது.

மைக்ரோசாஃப்ட் இதற்கு மூவ் என்று ஒரு கமாண்டை டாஸ் 6.0-வில் கொடுத்தது. எப்போது? 1993 மார்ச்சில். 1983 மார்ச், 1993 மார்ச். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், சரியாகப் பத்து வருஷம்! இடையில் பெர்லின் சுவர் இடிந்துவிட்டது, சோவியத் யூனியன் கலைந்துவிட்டது. ஒரு நாட்டையே பதினைந்தாக உடைத்துப் பெயர் மாற்றிவிட்டார்கள். ஒரு டைரக்டரிக்குப் பெயர் மாற்றக் கமாண்ட் அப்புறம்தான் பிறந்தது. அதிலும் குசும்பு பாருங்கள். டைரக்டரியின் பெயரை மாற்றும் அதிகாரத்தை ரென்னுக்குக் கொடுக்கவில்லை, மூவுக்குக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் பெயர்ப் பலகையை மாற்ற வேண்டும் என்றால் லாரியைக் கூப்பிடு!

பெயர் மாற்றும் வேலையை மொத்தமாகச் செய்யலாமே என்று நட்சத்திரக் குறியை நம்பிப் போனவர்கள் கதை தனி. உங்களிடம் ‘ஓல்டு’ என்று ஆரம்பிக்கும் ஃபைல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை ‘ஃப்ரெஷ்’ என்று ஆரம்பிக்கும்படி மாற்ற ஆசை. ஓல்டு-நட்சத்திரம், ஃப்ரெஷ்-நட்சத்திரம் என்று ரென்னுக்குக் கொடுக்கிறீர்கள். நியாயமாக ‘ஓல்டுபில்’ என்ன ஆகவேண்டும்? ‘ஃப்ரெஷ்பில்’. ரென்னுக்கு அப்படிப்பட்ட நியாயம் எதுவும் தெரியாது. அது பெயரைப் பெயராகப் பார்க்காது. பல் வரிசை மாதிரி இடம் இடமாகப் பார்க்கும். ஆங்கிலத்தில் ஓல்டுக்கு 3 எழுத்து, ஃப்ரெஷ்ஷுக்கு 5. முதல் 5 இடங்களில் இருந்தவர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசாக 5 பேரை உட்காரவைக்கும். ‘பில்’லில் பாதியைக் காணோம். மிஞ்சியது ‘ஃப்ரெஷ்ல்ல்’.

ஐயோ என்று அலறி, அதே கமாண்டைத் திருப்பிப் போட்டால் பழையபடி ஆகிவிடாதா? ‘பழைய குருடி கதவைத் திறடி’ என்பதுகூட நடக்காது. இப்போது முதல் 3 இடம் மட்டும் மாறும். மிச்சத்தில் ஃப்ரெஷ்ஷின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஓல்டுஷ்ல்ல்’ என்று ஒரு ஜந்து பிறக்கும். போகிற வழியில் இரண்டு ஃபைல்களுக்கு ஒரே பெயர் வந்துவிட்டால் ரென் நடுவிலேயே நின்று, தெரியுமே, அந்த வாக்கியத்தைச் சொல்லும். பாதி ஃபைல் புதுப் பெயரில், பாதி பழைய பெயரில். அனுபவசாலிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது: புதுப் பெயருக்கும் பழைய பெயருக்கும் எழுத்து எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்படி வார்த்தையைத் தேடுவது. ‘ஓல்டு’ போய் ‘நியூ’ வரலாம், ஆங்கிலத்தில் இரண்டுமே 3. வெண்பாவுக்குத் தளை பார்த்த புலவர்கள்கூட இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள்.

1995 ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு, மேடையில் ஜே லெனோ, கடை வாசலில் நள்ளிரவு க்யூ. ஒரு சூப்பர் ஸ்டார் பட ரிலீஸ்! பெரிய அறிவிப்புகளில் ஒன்று: இனிமேல் ஃபைல் பெயர் 255 எழுத்து வரை வைத்துக்கொள்ளலாம். ஆப்பிளுக்கு வயிற்றெரிச்சல். அவர்களுடைய மெக்கிண்டாஷில் எப்போதோ 31 எழுத்து வந்துவிட்டது. பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்டுக்கு வாழ்த்துதான். ஆனால் ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ என்பதை டாஸ் ஃபைல் பெயராக, முதல் எழுத்தையே சி டிரைவ் ஆக்கி, மிச்சத்தை உயிரெழுத்துகளைப் பிய்த்துப்போட்டு 8 எழுத்தில் அடைத்து, பின்னால் ஒரு புள்ளியும் டபிள்யூ95-உம் வைத்து அச்சிட்டிருந்தார்கள். கம்பெனி கம்பெனிக்கு அடித்த நக்கல்களில் இது தங்கப் பதக்கம். விற்பனையில் மட்டும் பதக்கம் எதிராளிக்குப் போய்விட்டது.

அந்த 255 எழுத்தை எங்கே ஒளித்துவைத்தார்கள் என்பதுதான் வேலைப்பாடு. 32 பைட் குறிப்பில் 11 பைட்டுக்கு மேல் இடம் கிடையாது. அதை நீட்டினால் பழைய புரோகிராம்கள் எல்லாம் மண்டையைப் போடும். ஆகவே மைக்ரோசாஃப்ட் ஒரு மாயாஜாலம் செய்தது. நீளப் பெயரை 13, 13 எழுத்தாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பொய்க் குறிப்பில் வைத்தது. அந்தக் குறிப்புக்கு நான்கு அடையாளங்கள்: படிக்க மட்டும், மறைந்திருப்பது, சிஸ்டம், டிஸ்க்கின் பெயர்ப்பலகை. இந்த நான்கும் ஒரே ஆளுக்கு இருக்கவே முடியாது. பழைய புரோகிராம்கள் அதைப் பார்த்து ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்று கண்டும் காணாமல் தாண்டிப் போய்விடும். அபத்தத்தையே மறைவிடமாகப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு சல்யூட்.

பழைய புரோகிராம்களுக்குக் காட்ட ஒரு குட்டைப் பெயரும் வேண்டுமே? ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்பது ‘ப்ரோக்ரா~1’ ஆயிற்று. மைக்ரோசாஃப்ட் தன் சொந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்தால் அது ‘மைக்ரோஸ்~1’. நீளப் பெயர்கள் பொய்க் குறிப்புகளைத் தின்றதில் இன்னொரு விபரீதமும் நடந்தது. ஹார்ட் டிஸ்க்கின் முதல் டைரக்டரியில் 512 குறிப்புக்குத்தான் இடம். ஆசை ஆசையாகக் காதல் கடிதம் நீளத்துக்குப் பெயர் வைத்தவர்களுக்கு, டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும்போதே ‘இடம் இல்லை’ என்று பதில் வந்தது. பெயர்களே சாப்பிட்டு முடித்துவிட்டன, ஃபைலுக்கு இலை இல்லை.

பழைய டிஸ்க் யுட்டிலிட்டிகள் இந்தப் பொய்க் குறிப்புகளைக் குப்பை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளும் ஆபத்தும் இருந்தது. அதற்கும் மருந்து விண்டோஸ் 95 சிடி-யின் ஒரு மூலையில் இருந்தது. எல்எஃப்என்பிகே என்று, இருமல் மாதிரி ஒரு பெயர். நீளப் பெயர்களை எல்லாம் கழற்றி ஓர் இடத்தில் பத்திரப்படுத்தும். நீங்கள் பழைய யுட்டிலிட்டியை ஓட்டி முடித்ததும் மறுபடி மாட்டிவிடும். நீளப் பெயர் வைக்கலாம் என்று உலகத்துக்கே தம்பட்டம் அடித்த சிஸ்டம், அதே பெயர்களைக் காப்பாற்றக் கொடுத்த கருவிக்கு வைத்தது 8 எழுத்துக்கு உட்பட்ட பெயர்.

இன்னொரு ஒட்டுவேலை, இதற்கு நான் பரம ரசிகன். பழைய எடிட்டர்கள் ஒரு ஃபைலைச் சேமிக்கும் முறை இது: புதியதைத் தற்காலிகப் பெயரில் எழுது, பழையதை அழி, தற்காலிகத்துக்குப் பழைய பெயரைச் சூட்டு. 16-பிட் எடிட்டருக்குக் குட்டைப் பெயர்தான் தெரியும். அழிக்கும்போது நீளப் பெயரும் கூடவே சேர்ந்து செத்துவிடும். ஒரு தடவை சேமித்தால் உங்கள் அருமையான நீளப் பெயர் காலி! விண்டோஸ் என்டி வம்சம் இதற்கு என்ன செய்தது? ஒரு ஃபைல் அழிந்தால், 15 நொடி வரை துக்கம் அனுசரிக்கும். அதற்குள் அதே பெயரில் இன்னொன்று வந்தால், ‘ஓஹோ, நீதானா அது!’ என்று கட்டியணைத்து, பழைய நீளப் பெயரையும் பிறந்த நேரத்தையும் கொடுத்துவிடும். இன்றுகூட ஒரு ஃபைலை அழித்து உடனே அதே பெயரில் புதிதாக ஒன்றைச் செய்து பாருங்கள். பிறந்த தேதி பழையதையே காட்டினால் பயப்படாதீர்கள். மறுபிறவி அல்ல, பழைய எடிட்டருக்குக் காட்டிய தாட்சண்யம்.

‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற பெயரில் நடுவே ஓர் இடைவெளி விட்டார்களே, அது பெற்ற பிள்ளைகள் கொஞ்சமல்ல. மேற்கோள் குறி போடாமல் பாதை எழுதிய புரோகிராம்கள், இடைவெளியைக் கண்டதும் வாக்கியம் முடிந்தது என்று நினைத்து சி டிரைவில் ‘புரோகிராம்’ என்று ஒன்று இருக்கிறதா என்று தேடின. நீங்கள் தற்செயலாக அந்தப் பெயரில் ஏதாவது வைத்திருந்தால் போச்சு. எக்ஸ்பி காலத்தில் விண்டோஸ் இதற்கு ஒரு பெட்டியைத் திறந்து பணிவாகச் சொல்லும்: உங்கள் கம்ப்யூட்டரில் ‘புரோகிராம்’ என்று ஒரு ஃபைல் இருக்கிறது, அதனால் சில புரோகிராம்கள் ஓடாமல் போகலாம், ‘புரோகிராம்1’ என்று மாற்றினால் சரியாகிவிடும், மாற்றட்டுமா? தவறு செய்தவன் எவனோ. பெயர் மாற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் போக வேண்டியவர் நீங்கள்!

எக்ஸ்டென்ஷன் என்கிற அந்த மூன்றெழுத்து வாலை மறைத்தது இன்னொரு புண்ணியம். சாதாரண ஜனங்களுக்கு எதற்கு வால் என்று விண்டோஸ் 95 அதை மூடிவிட்டது. நோட்பேடில் செய்த ஒரு டெக்ஸ்ட் ஃபைலை ‘.பேட்’ ஆக்க நினைத்து ரீநேம் செய்தால், வெளியே ‘.பேட்’ தெரியும், உள்ளே ‘.பேட்.டிஎக்ஸ்டி’ என்று இருக்கும். சேமிக்கும்போதே பெயரை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும் என்பது வாய்மொழியாகப் பரவிய ரகசியம். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸுக்கு இது ரத்தினக் கம்பளமாகிப்போனது. அதன் பெயர் ‘.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’ என்று முடியும். விபிஎஸ் மறைந்துவிட, டெக்ஸ்ட் கடிதம் மாதிரியே இருந்தது. காதல் கடிதம் என்றதும் உலகம் முழுக்கப் பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் கிளிக்கினார்கள். வாலை மறைத்த மைக்ரோசாஃப்டைத் திட்டியவர்களில் யாருமே, தனக்கு யார் காதல் கடிதம் அனுப்பியிருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்ததாகச் சொல்லவில்லை.

2009-ல் ஒரு கோர்ட் காட்சி. அந்த நீளப் பெயர், குட்டைப் பெயர் தந்திரத்துக்கு மைக்ரோசாஃப்ட் பேடன்ட் வாங்கி வைத்திருந்தது. காருக்கு வழிகாட்டும் கருவி விற்கும் டாம்டாம் கம்பெனி மீது பிப்ரவரியில் வழக்குப் போட்டது, மார்ச்சிலேயே சமரசம். லினக்ஸ் சிஸ்டத்திலும் அதே தந்திரம் இருந்ததால், அதன் ஆட்களுக்கு உதறல். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், சாம்பா என்ற சாஃப்ட்வேரை எழுதிய மனிதர், அமைதியாக ஒரு மாற்று எழுதிக் காட்டினார். பேடன்ட் என்ன சொல்கிறது? ஒரே ஃபைலுக்கு நீளம் ஒன்று, குட்டை ஒன்று என்று இரண்டு பெயர் வைப்பது. சரி, குட்டைப் பெயர் இருக்கும் இடத்தில் டாஸ் ஒருநாளும் ஏற்காத குப்பை எழுத்துகளை நிரப்பிவிட்டால்? இரண்டு பெயர் என்று யார் சொல்ல முடியும்? 35 வருஷத்துக்கு முன் கில்டால் கஞ்சத்தனமாகக் கொடுத்த 11 பைட், கடைசியில் வக்கீல்களை ஏமாற்றக் குப்பை கொட்டும் இடமாக ஆயிற்று.

கடைசியாக, நம் நாட்டின் பங்களிப்பு. பங்களிப்பே இல்லாமல் போய்விடுமா என்ன!

2000-களில் மின்னஞ்சல் வைத்திருந்த எல்லோருக்கும் இது வந்திருக்கும். ‘கம்ப்யூட்டரில் எங்கேயும் கான் என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது என்று ஓர் இந்தியர் கண்டுபிடித்திருக்கிறார்! மைக்ரோசாஃப்டின் மொத்த டீமாலும் காரணம் சொல்ல முடியவில்லை! இப்போதே முயன்று பாருங்கள்!’ சி, ஓ, என். ஒரு புது ஃபோல்டருக்கு அப்படிப் பெயரிட்டு என்டர் தட்டினால், எக்ஸ்பி ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி ‘நியூ ஃபோல்டர்’ என்று மாற்றிவிடும். புல்லரிக்கும். பத்து பேருக்கு ஃபார்வர்ட். பில் கேட்ஸின் சின்ன வயசுப் பட்டப்பெயர் அது, அவர்தான் தடை போட்டார் என்று ஒரு கிளைக்கதையும் முளைத்தது. சின்ன வயசில் கிண்டல் செய்தவர்களைப் பழிவாங்க ஒருவர் உலகத்தையே ஆபரேட்டிங் சிஸ்டத்தில் கட்டிப்போட்டார் என்றால், மகாபாரதத்தில் ஒரு பர்வம் சேர்த்துக்கொள்ளலாம்.

காரணம் மைக்ரோசாஃப்டுக்கு 1981-லிருந்தே தெரியும். கான் என்றால் கன்சோல், கீபோர்டும் திரையும். டாஸில் கருவிகளையும் ஃபைல் மாதிரியே கூப்பிடலாம். நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர்களில் டாஸ் படித்தவர்கள் ‘காப்பி கான்’ என்று அடித்து, நாலு வரி எழுதி, கன்ட்ரோல்-இசட் போட்டு முடித்தார்களே, அந்தக் கான்தான் இந்தக் கான். பிரிண்டருக்குப் பிஆர்என், ஒன்றுமில்லாததற்கு நல், இப்படி ஒரு ராஜகுடும்பமே உண்டு. டாஸ் 2.0-வில் டைரக்டரிகள் வந்தபோது, பழைய புரோகிராம்கள் தேடினால் கிடைக்க வேண்டுமே என்று இந்தப் பெயர்கள் எல்லா டைரக்டரியிலும் இருப்பதாக வைத்தார்கள். பின்னால் எந்த எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தாலும் அதே கருவிதான். கடவுள் தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார். கான், ரீசைக்கிள் பின்னிலும் இருப்பார்.

இதைத் தடுப்பதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. விண்டோஸ் 95-லும் 98-லும் கானுக்குள் கான் என்று ஒரு பாதையைத் திறக்கச் சொன்னால், மொத்த மெஷினும் நீலத் திரையோடு மயங்கி விழும். ஒரு வலைப்பக்கத்தில் படம் இருக்கும் இடமாக அதைக் கொடுத்தால் போதும், பார்க்க வந்தவரின் கம்ப்யூட்டர் குப்புற விழும். 2000 மார்ச்சில்தான் இதற்குத் திருத்தம் வெளியிட்டார்கள். யாராலும் உருவாக்க முடியாத ஒரு ஃபோல்டருக்கு உலகத்தையே கவிழ்க்கும் சக்தி.

யாராலும் முடியாது என்று சொன்னேனா? அதுவும் பொய். நம் ஆட்கள் விடுவார்களா? பாதைக்கு முன்னால் இரண்டு பேக்ஸ்லாஷ், ஒரு புள்ளி, இன்னொரு பேக்ஸ்லாஷ் போட்டு ‘எம்டி’ கமாண்டைக் கொடுத்தால், விண்டோஸ் பெயரை ஆராய்ச்சி செய்யாமல் அப்படியே டிஸ்க்குக்கு அனுப்பிவிடும். கான் ஃபோல்டர் ஜம்மென்று வந்து உட்காரும். மைக்ரோசாஃப்டையே ஜெயித்துவிட்டோம் என்று அறையில் இருக்கும் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டிய வீரர்கள் எத்தனையோ பேர். கைதட்டல் ஓய்ந்த பிறகு அதை அழிக்கலாம் என்று எக்ஸ்ப்ளோரரில் டெலிட் அழுத்துவார்கள். அழியாது. வேறு பெயராவது வைத்துப் பார்க்கலாம் என்று எஃப்2-வைத் தட்டுவார்கள். மாறாது. வேலியில் போன ஓணான் இப்போது வேட்டிக்குள். அதே விசித்திரப் பாதையை மறுபடி ஞாபகப்படுத்தி ‘ஆர்டி’ கமாண்ட் கொடுக்கும் வரை அது அங்கேயேதான் இருக்கும். விஷயம் தெரியாதவர்கள் ஹார்ட் டிஸ்க்கையே ஃபார்மேட் செய்தார்கள். அதன்பிறகு அவர்கள் அந்த மின்னஞ்சலை யாருக்கும் ஃபார்வர்ட் செய்வதில்லை.